பேரேரி மதகும் எயினியின் குறையேடும்

மழை அளவறிந்து பெய்க. கரைகள் உறுதியாய் நிற்க. செங்கழுநாடு உடைய பெருமன்னர் திருவாணைப்படி, ஏரிகளுக்குப் பொறுப்பேற்ற அமைச்சன் பொறையன் தேவன், நீர்நூற் கல்லூரித் தலைவர் விண்ணந்தையாருக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் மாணாக்கரும் நீடு வாழ்க. இவ்வாழ்த்தை இன்று வழக்கத்துக்காக எழுதவில்லை. மெய்யாகவே வேண்டி எழுதுகிறோம்.

பன்னிரண்டு நாள் விடாமழையில் பேரேரி கரையின் விளிம்புவரை ஏறிவிட்டது. வடமதகு, நடுமதகு, தென்மதகு ஆகிய மூன்றில் எதை முதலில் திறப்பது என்பதைப் புதுக்கரை கட்டிய பேராசான் கொற்றனார் ஒருவரே அறிவார். அவரோ சென்ற திங்கள் காய்ச்சலில் காலமானார். மாற்றித் திறந்தால் கரை உடையும். கீழுள்ள பதினெட்டு ஊர்களும் மிஞ்சா. இம்முறையை அவர் தங்கள் கல்லூரியில் பாடமாக உரைத்தார் என்றறிந்து, அன்று கேட்டிருந்த மாணாக்கர் நாற்பதின்மரை ஏடுகளோடு வருவித்தோம்.

ஏடுகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. ஆசான் இடையில் தண்ணீர் கேட்டதைக்கூட விடாமல் எழுதியிருந்தனர். ஆயின் நாற்பதிலும் ஒரே வாசகம்: முதலில் இதைத் திறக்க வேண்டும், நீர் தெளிந்த பின்னரே அதைத் தொடலாம். எதை என்று வினவினோம். ஆசான் மணலால் ஏரி சமைத்துக் கையால் சுட்டினார் என்றும், தாம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தமையால் அக்கையைக் காணவில்லை என்றும், வடமதகாய் இருக்கலாம் என்றும் நாற்பதின்மரும் சொன்னார்கள்.

அப்போது அவருள் ஒருவன், எயினி என்னும் மாணவி மட்டும் அன்று எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருந்தாள் என்றான். பாதி ஏட்டை வெறுமையாய் விட்டவள் என்று தாங்கள் கல்லூரியினின்று நீக்கிய அதே எயினிதான். கரையடியில் உள்ள முள்ளியூரில் தாய்வீட்டில் இருந்தவளை அழைத்து வந்தோம். தன்னைத் தண்டிக்கவே அழைத்ததாக எண்ணி, வந்ததும் வராததுமாக மன்னிப்புக் கேட்டாள்.

அவளுடைய ஏட்டில் மூன்று புள்ளிகளும், மலைப்பக்கம் இதுவென ஒரு குறியும், தென்புள்ளியில் ஒன்றென்றும் வடபுள்ளியில் இரண்டென்றும் எண்களும் இருந்தன. அருகே, நடுமதகு கூடாது, அடிமண் இளகல், என நான்கைந்து சொற்கள். அவ்வளவே. ஆசான் பேசும்போது பார்ப்பதும், அவர் நிறுத்தும்போது தனக்கு விளங்கியதை மட்டும் குறிப்பதும் தன் வழக்கம் என்றாள். உறுதிதானா என்று வினவியதற்கு, கண்டது உறுதி என்றும், ஆயினும் நாற்பது பேரும் வடமதகே என்று ஊகிக்கையில் தன் ஒருத்தியின் கண்ணை நம்பி ஊரெல்லாம் நிற்பதை எண்ணினால் அச்சமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவள் தாய் படுத்த படுக்கையாக முள்ளியூரிலேயே இருக்கிறாள். தூக்கி வர ஆள் அனுப்பியும் அவ்வூர் ஓடை பெருகி வழியை மறித்துவிட்டது. அதையும் அவள் அழாமல் சொன்னாள். தென்மதகைத் தூக்கும் திருகுகோலைப் பிடித்துக்கொண்டு இப்போது எம் அருகே நிற்கிறாள். உச்சிப்பொழுதில் மதகைத் தூக்குவோம்; அதற்கு இன்னும் ஒரு நாழிகை உள்ளது.

ஆகவே ஆணையாவது: இனித் தங்கள் கல்லூரியில் ஆசான் கை உயர்ந்தால் எழுத்தாணிகள் தாழ வேண்டும். நிரம்பிய ஏட்டுக்குப் பரிசும் குறைந்த ஏட்டுக்குத் தண்டனையும் ஒழிக. எயினியின் இருக்கையை அவளுக்கே திருப்பித் தருக.

தங்களிடம் வரக் கரையடிப் பாதையன்றி வேறு வழி இல்லை. மதகு தூக்கிய பின்னரே ஓலைக்காரன் புறப்படுவான்; அவன் இதை அறிந்தே இசைந்தான். தாங்கள் இவ்வரியை வாசிக்கிறீர்கள் என்றால் அவள் கண்டது சரி.

அரசு நண்டு முத்திரை இட்டோம். சற்றுச் சாய்ந்திருக்கும், பொறுத்தருள்க.