மேரி வீட்டு விரிசல்

14.8.2004, சனி

ஊரப்பாக்கத்தில் மேரியின் புது வீட்டுச் சுவரில் விரிசல். வந்து பார்க்கச் சொன்னாள். விரிசல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருந்தாள். கடலோர ஆய்வுக்கூடத்தில் பத்து வருடம் முன்பு இருவரும் செய்த அதே வேலை. கான்கிரீட் உத்தரம் எங்கே விரியும் என்று கம்ப்யூட்டரில் மூன்று வாரம் சேர்ந்து கணக்கிட்டோம். சொன்ன இடத்திலேயே விரிந்தது. உப்புக் காற்றில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தோம். அறிக்கையில் என் பெயரை மட்டும் போட்டேன்.

"பூச்சுலதான் விரிசல். சுவருக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். பிறகு, "அந்த ரிப்போர்ட்ல உன் பேரும் இருந்திருக்கணும், மேரி."

"இத்த சொல்ல இவ்ளோ வருஷமா உனக்கு?" என்றாள். "பூச்சுதான்னு எனக்கே தெரியும். கூப்ட்டா வருவியான்னு பாத்தேன்."

அவளிடமிருந்து பென்சிலை வாங்கி, தேதிக்குப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினேன்.