மடுல்சீமைக் குளிருக்குப் பூப்பின்னல்

என்னங்க, ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சியின் பிள்ளைக்கு நான் பின்னிய போர்வை மடுல்சீமைக் குளிருக்கு ஆகாது என்று நேற்று சொன்னீர்கள். அவள் எதிரிலேயே, "ஒங்களுக்குப் பின்னலப் பத்தி என்னா தெரியும்?" என்று கத்தினேன்.

விடியலில் அதைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன். பூப்பின்னலின் ஓட்டைகளில் காற்று நேரே உள்ளே வந்தது. நெருக்கமான பின்னல்தான் சூட்டைப் பிடிக்கும். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் தினமும் போர்த்துகிற எனக்கு அது தெரியாதா? பார்ப்பவர்கள் புகழட்டும் என்றுதான் அந்த மாதிரியை எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது.

குரோஷே ஊசியால் பின்னியது முழுவதும் ஒரே நூல். நுனியை இழுத்தால் வரிசை வரிசையாகக் கழன்று வரும். சாப்பிட்டதும் போர்வையைப் பிரித்து, நூலைத் தளர்வாகச் சுற்றி வையுங்கள்; வேலை விட்டு வந்து நெருக்கமாகப் பின்னிவிடுகிறேன். இறுக்கினால் கம்பளி இழுபட்டுவிடும்.

– தனலெட்சுமி

இன்னும் ஒன்று: தங்கச்சி எழும்பியதும் அவள் முன்னாலேயே பிரியுங்கள். கேட்டால், "ஒன் அண்ணிதான் பிரிக்கச் சொன்னா, நான் சொன்னதுதான் சரியாம்" என்று சொல்லுங்கள்.