கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்

இன்று காலை உன் போன் கத்தியது. நீ போன பிறகும் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நம் பெண்ணின் காலேஜ் சேதியெல்லாம் அதற்குத்தான் வருகிறது. தெலுங்கில் இருந்ததை அவளே படித்துச் சொன்னாள். ஆந்திரா சர்க்கார் தரும் பீசுப் பணத்துக்குத் தாயார் வந்து கைரேகை வைக்க இன்றே கடைசி நாளாம். வந்த ஆத்திரத்தில் போனைக் கிணற்றில் வீசியிருப்பேன். அடுத்த ஓடிபியும் அதற்குத்தான் வரும் என்பதால் விட்டேன்.

பீசு கட்டாவிட்டால் திருப்பதி காலேஜில் அவளைக் கடைசி வருஷப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். இதற்கெல்லாம் அலைந்தது நீதான். நான் கழனியைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்வேன்.

ரேஷன் கார்டுக்குப் பதிந்த நாள் நினைவிருக்கிறதா? இண்டிபேரு என்ன என்று கேட்டார் அந்த ஆபீசர். தெலுங்குக்காரர்களுக்குக் குடும்பத்துக்கே ஒரு பேர் இருக்கும். நமக்கு ஏது? அப்பன் பேரின் முதலெழுத்துதான். கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடிக்க, நீ சொன்னாய்: "எங்க நைனா பேரப் போடு சார். இந்த ஆளு பேர நான் எதுக்கு சொமக்கணும்?" வரிசையே சிரித்தது. உனக்கு உன் அப்பன் பேர், எனக்கு என் அப்பன் பேர், மகளுக்கு என் பேர். ஒரே கூரைக்கு அடியில் மூன்று குடும்பமாகிவிட்டோம்.

அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது என் தலையில் விடிந்தது. திருத்தணி ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடியபோது, தமிழ்நாட்டு வழக்கப்படி உன் பேரோடு என் பேரைச் சேர்த்து எழுதிவிட்டார்கள். இறப்புச் சான்றிதழும் அப்படியே வந்தது. போன மாதம் அதைக் கொண்டுபோய் நீட்டினால், நம் ஊர் சச்சிவாலய ஆபீசில் வேலை பார்க்கும் பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, செத்துப்போனவங்க வேற ஆளு. கார்டுல கீற அம்மா உசுரோடதான் கீறாங்க. கூட்டினு வா, வெரல் வெச்சா முடிஞ்சிது."

"எங்கேர்ந்து கூட்டினு வர்றது? நீயே போய்க் கூட்டினு வா!" என்று போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பியது. அவளும் என்ன செய்வாள், கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று மண்டல ஆபீசில் எழுதி வாங்கி வரச் சொன்னாள். அங்கே போனால் ஐயா மீட்டிங்கில். மறுபடி போனால் சர்வர் இல்லை. மறுபடி போனால் ஊரிலிருந்து சாட்சி வேண்டுமாம். ச்சீ, இது ஒரு பிழைப்பா! செத்தவளைச் செத்தவள் என்று சொல்ல இத்தனை நாயலைச்சல்.

நீ இருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாய். "கத்தாதய்யா. எதிர்ல போய் நின்னுக்கினே இரு. நம்ம மூஞ்சியப் பாத்துப் பாத்து சலிச்சிப்போய்க் குடுத்துடுவான்" என்பாய். இன்று மண்டல ஆபீசில் அப்படித்தான் நின்றேன். சாப்பாட்டு வேளையில் சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

மகளையும் ஏற்றிக்கொண்டு சச்சிவாலயத்துக்கு வண்டியை விரட்டினேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு மெஷினை என் பக்கம் திருப்பினாள். "நீ வெரல் வை அண்ணா. அம்மாவ கார்டுலேர்ந்து எடுத்துட்டா, பீசுக்கு உன் பேரு ஏறிக்கும்."

நீ செத்துவிட்டாய் என்று ஊரைக் கூட்டி அடித்துக்கொண்டவன்தான் நான். ஆனால் கை போகவில்லை. வேட்டியில் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

"வை நைனா, டைம் ஆவுது" என்றாள் மகள், என் முகத்தைப் பார்க்காமலே.

வைத்தேன். "அய்போயிந்தி அண்ணா" என்றாள் அந்தப் பெண். முடிந்துவிட்டது.

நம் பெண் பரீட்சை எழுதுவாள், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். ஆனால் என் கோபம் மட்டும் ஆறமாட்டேன் என்கிறது. முதலில் ஆபீஸ் மேல் இருந்தது, இப்போது உன் மேல். கூட்டிக்கொண்டு வா, கூட்டிக்கொண்டு வா என்று அவர்களாவது உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாளையிலிருந்து அதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.