நான் போன பிறகு போட வேண்டிய கடிதம்

மிஷன் ஆஸ்பத்திரி,
கிழக்குத் தாம்பரம்,
11.2.1991

அன்புள்ள ரேணுவுக்கு,

செல்வமேரி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு வந்திருக்கும் இன்னொரு கடிதம் வேறு மாதிரி ஆரம்பிக்கும்.

போன திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். இடது நுரையீரலில் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டார்கள். முந்தின நாள் டாக்டரின் முகத்தைப் பார்த்து, பிழைக்கமாட்டேன் என்று நானே முடிவு கட்டினேன். உனக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டி, வார்டு ஆயா கங்கையம்மாளிடம், "நான் போயிட்டா இதைப் போஸ்ட் பண்ணிடுங்கக்கா" என்று கொடுத்தேன். என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன கையோடு அந்த அம்மாள் தபால் பெட்டியில் போட்டுவிட்டாள்! இன்று கேட்டால், "போயிட்டா போடுன்னு தானம்மா சொன்னே? தியேட்டருக்குப் போயிட்டே, போட்டுட்டேன்" என்கிறாள். இவளிடம் என்ன பேசுவது?

மயக்கம் தெளிகிற நேரத்தில் நீ, நான், அம்மணி மூன்று பேரும் சின்னப் பிள்ளைகளாக அடையாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தோம். அம்மணி வழக்கம்போல அதிகாரம் செய்தாள். நீ சிரித்துச் சிரித்து ஊற்றிலேயே விழுந்தாய். கண்ணைத் திறந்தால் விலாவில் ரப்பர் குழாய்.

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. அந்தக் கவரை இன்னும் பிரிக்கவில்லை என்றால் அப்படியே கிழித்துப் போட்டுவிடு. உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

உன்,
மேரி


அனகாபுத்தூர்,
14.2.1991

மேரிக்கு,

கிழிக்கச் சொல்லி நீ எழுதியது இன்று வந்தது. நீ கிழிக்கச் சொன்ன அந்தக் கவர் போன வியாழக்கிழமையே வந்துவிட்டது. என் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, அதனால் என் மகள் காமு பிரித்து உரக்கப் படித்தாள். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றிருந்தார். "இது உன் கைக்கு வரும்போது நான் இருக்கமாட்டேன். அன்றைக்கு உன் அப்பாவிடம் சொன்னது அம்மணி இல்லை, நான்தான்" என்ற வரி வந்ததும் காமு நிறுத்திவிட்டாள். மேலே படி என்று நானும் சொல்லவில்லை.

நீ செத்துவிட்டாய் என்று அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். மறுநாள் அவர் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்துவிட்டுத் திரும்பினார். "உன் ஃபிரெண்டு நல்லாத்தான் கீது. படுத்துகினே ஆயாகிட்ட சண்டை போட்டுகினு கீது. எதுக்கு இந்தப் பேஜாரு, நேர்ல போய்க் கேளேன்" என்றார். நான் வரவில்லை.

அறுபத்தொன்பதில் நானும் அம்மணியும் வீட்டுக்குத் தெரியாமல் ஆசிரியர் பயிற்சி நேர்காணலுக்குச் சைதாப்பேட்டை போகவிருந்த காலையில் அப்பா என்னை அறைக்குள் வைத்துப் பூட்டினார். மூன்றாம் மாதம் கல்யாணம். அம்மணி தனியாகப் போய் இடம் வாங்கிக்கொண்டு வந்தாள். வேறு யாரைச் சந்தேகப்படுவேன், சொல்? அவள் வாசலில் வந்து நின்று, "நான் இல்லடி" என்றபோது கதவைச் சாத்தினேன். இருபத்திரண்டு வருஷமாக அவள் முகத்தில் விழிக்கவில்லை. அவள் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடம் வேண்டாம் என்று காமுவை இரண்டு மைல் தள்ளிச் சேர்த்தேன். மழையிலும் வெயிலிலும் நடந்தது அந்தக் குழந்தை.

இதையெல்லாம் நீ என் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். "விடு ரேணு, விடு ரேணு" என்று எனக்குச் சமாதானம் வேறு!

நீ செத்திருந்தால் மன்னித்திருப்பேன். பிழைத்துவிட்டாய். இப்போது நான் என்ன செய்வது?

ரேணுகாம்பாள்


மிஷன் ஆஸ்பத்திரி,
18.2.1991

ரேணு,

முழுப் பேரையும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாய். புரிகிறது.

காமு படிக்காமல் விட்டதை நானே சொல்கிறேன். மண்ணெண்ணெய் க்யூவில் உன் அப்பா கேட்டார்: "இன்னாம்மா, சனிக்கிழமை ரேணு எங்கியோ போவுதாமே?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சைதாப்பேட்டை நேர்காணலைச் சொல்லிவிட்டேன். பயிற்சியில் சேர எனக்கு மார்க் போதவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஹாஸ்டலில் இருப்பீர்கள், நான் மட்டும் பம்மலில் அம்மாவோடு தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகவேண்டும். வயிறு எரிந்தது. உனக்குத் திட்டு விழும், அதோடு போய்விடும் என்று நினைத்தேன். பூட்டுவார் என்று நினைக்கவில்லை. இது சத்தியம்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் உன் வீட்டுக்கு வருவேன். நீ அம்மணியை ஆரம்பிப்பாய். நான் "விடு ரேணு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அப்படியே இத்தனை வருஷம் போய்விட்டது.

அம்மணிக்கு நானே எழுதட்டுமா? இல்லை, நீ சொல்கிறாயா?

இங்கே மூச்சுப் பயிற்சி என்று தண்ணீர் பாட்டிலில் குழாய் வைத்து ஊதச் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் தையல் இழுக்கிறது. சாயங்காலம் பார்வையாளர் மணி அடித்தால் என் கண் தானாக வாசலுக்குப் போகிறது. நீ வரமாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் பார்க்கிறேனே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மேரி


அனகாபுத்தூர்,
25.2.1991

மேரிக்கு,

நேற்று பம்மலுக்கு, அம்மணி வீட்டுக்குப் போனேன். அம்மணி கேட்டுக்கு உள்ளே நின்றாள், நான் வெளியே. கையில் சிவப்பு மைப் பேனா. தலை பாதி நரைத்துவிட்டது.

"இன்னாடி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

நீ ஆஸ்பத்திரியில் இருப்பதையும் நாம் கடிதம் போட்டுக்கொள்வதையும் சொல்லி, உன் கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவே இல்லை. "போட்டுக் குடுத்தது மேரிதானே? எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் க்யூல பின்னாடி நின்னுகிட்டு இருந்தேன். உங்கப்பாகிட்ட அவ பேசினதைப் பார்த்தேன்."

"அப்ப ஏன்டி அன்னிக்கே சொல்லலை?" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"நான் இல்லைன்னு சொன்னேன், ரேணு. நீ நம்பலை. அதுக்கப்புறம் யாருன்னு நான் எதுக்கு சொல்லணும்?"

இரண்டு வாரமாக உன்னைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், மேரி. அங்கே நின்றபோது ஒன்றுகூட உன்னைப் பார்த்துத் திரும்பவில்லை. நீ செய்தது நீ செய்ததுதான். ஆனால் அவள் முகத்தில் கதவைச் சாத்தியது நீ இல்லையே.

"என்னை மன்னிச்சுடு" என்று சொன்னேன். அவள் கேட்டைத் தாழ்ப்பாள் போட்டாள். சரி, முடிந்தது என்று திரும்பி நடந்தேன். நாலு வீடு தாண்டியிருப்பேன், பின்னாலிருந்து குரல்: "ஏய், மேரிக்கு அங்க சாப்பிட இன்னா குடுக்கறாங்க?"

தெரியாது என்றேன்.

"மாத்தி மாத்தி லெட்டர் போட்டுகினு கீறீங்க. அதைக்கூடக் கேட்கலையா?" டீச்சர் வேலையெல்லாம் மறந்துபோய், ஆற்று மணலில் நின்று அதட்டுகிற அதே குரல். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அவள் வருவாளா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. உன்னை மன்னித்துவிட்டதாகவும் எண்ணிக்கொள்ளாதே. டாக்டரைக் கேட்டு, கஞ்சியா சோறா என்று மட்டும் உடனே எழுது.

ரேணு