இடது முழங்கால்

கோவில்பட்டி
9.5.1974

அன்புள்ள தம்பி நந்தகோபாலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அதை எழுத முடியவில்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஹாக்கி லீக் முடிந்ததும் புள்ளி நிலவரமும் நல்ல ஆட்டக்காரர்கள் பெயரும் அனுப்பச் சொல்லியிருந்தாய். எட்டு அணிகள், ஆளுக்கு ஏழு ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை நமக்கும் கிழக்குத் தெருவுக்கும் கடைசி ஆட்டம்; அதற்கு முன்பு அவர்களுக்குப் பதினொன்று, நம் தெரு அணிக்குப் பத்து. ஆட்டம் முடிந்தபோது நமக்குப் பன்னிரண்டு. கோப்பை நம் தெருவில் இருக்கிறது. உன் மருமகன், என் பிள்ளை மாயகிருஷ்ணன், கழுத்தில் மாலையோடு புகைப்படத்துக்கு நிற்கிறான்.

உன் இலாகா அணிக்கு இந்த வருஷம் ஒரே ஒரு சென்டர் ஃபார்வர்டுதான் தேவை, வேலையும் ஒன்றுதான், முதலில் கிழக்குத் தெரு கொம்பையா, அவன் இல்லையென்றால் மாயன் என்று சித்திரை பிறந்ததும் எழுதியிருந்தாய். உன் கடிதங்களை வீட்டில் வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். அதையும் படித்தேன். மாயன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவனைத் தேற்றுவதாக நினைத்து, கொம்பையாவைப் பற்றி ஆட்டம் பார்க்கும்போது என் நோட்டில் குறித்திருந்ததைச் சொன்னேன். பந்துக்கு மேல் மட்டையோடு மட்டை தட்டும் புல்லியில் மூன்றாவது தட்டுக்கு முன்பே அவன் இடது காலை முன்னால் வைத்துவிடுவான், அந்த நேரத்தில் பந்தை எடுத்துவிடலாம் என்றேன். பந்தை என்றுதான் சொன்னேன்.

உனக்குத் தெரியும், நான் ஆட்டத்தில் பந்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். நீதான் கற்றுக்கொடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இடைவேளை முடிந்து நடு மைதானத்தில் புல்லி. ஆளுக்கு ஒரு கோல். காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வந்தது. எதிரெதிரே குனிந்த கொம்பையாவும் மாயனும் மட்டையால் தரையில் தட்டினார்கள், பிறகு மட்டையோடு மட்டை. ஒன்று. இரண்டு. மாயனின் வலது கை பிடியில் கீழே இறங்கியது. பந்தை இழுக்க யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். மூன்றாவது தட்டு மட்டையில் விழவில்லை. காய்ந்த பருத்திமார்க் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. கொம்பையா முதலில் கத்தவே இல்லை. கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்த பிறகுதான் கத்தினான்.

அம்பயர் புழுதியில் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விபத்து என்றார்.

அடிபட்டவனை எதிரணியில் அதே இடத்தில் ஆடுகிறவன் தூக்கிக்கொண்டு போவதுதானே நம் மைதானத்து வழக்கம்? மாயன் அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டான். கொம்பையா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். சுற்றி நின்ற கூட்டம் கை தட்டியது. கொம்பையாவின் அம்மா சொர்ணத்தாய் ஓடிவந்து மாயனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தம்பி, அந்தக் கையை.

என்னைத் தவிர, கொம்பையாவின் அண்ணன் உக்கிரபாண்டி மட்டும் பார்த்திருக்கிறான். கோல் கம்பத்தருகே கிடந்த மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். "ஏலே, பந்து அங்கனயே கெடக்கு. ஒன் மட்டை எங்கலே போச்சு?" என்று மாயனைக் கேட்டான். அதோடு மட்டையை ஓங்கினான். ஓங்கியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நம் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் அவனைத் தள்ளிப் போட்டு மட்டையால் அடித்தார்கள். அதில் மூன்று பேர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள். விழுந்தவனின் வாயில் மட்டையின் வளைவு பட்டுப் பல் தெறித்தது. எழுந்திருக்கப் பார்த்தவனைத் திரும்பவும் அடித்தார்கள். நான் குடையை வீசிவிட்டு ஓடிப்போய்ச் சேருவதற்குள் அவன் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ரத்தத்தின் மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஆடினார்கள். இரண்டாவது கோலை மாயன்தான் போட்டான்.

கொம்பையா பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். நடப்பான், ஓடுவது நிச்சயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். உக்கிரபாண்டி மேல், மைதானத்தில் புகுந்து அடிக்க வந்ததாகக் கேஸ் போட்டு, அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். பொறாமையில் கதை கட்டுகிறான் என்று ஊர் பேசுகிறது.

திங்கட்கிழமை காலை மாயன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். தெரிந்து அடித்தாயா என்றுதான் கேட்டேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "நீதானம்மா சொன்ன, எடது கால மொதல்ல வைப்பாம்னு" என்றான். சத்தம் போடவில்லை. நான் கை நீட்டி அடித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் யாரையும் அடித்ததில்லை. அவன் கீழே விழுந்த பிறகும் அடித்தேன். அவன் தடுக்கவில்லை. உன் அத்தான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். மைதானத்தில் அந்தப் பையன்களைப் பார்த்து நான் அருவருத்தேன். அவர்களுக்கும் எனக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை போலிருக்கிறது.

அத்தான், பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போடாதே, கொம்பையாவின் கால் இனி எதைச் சொன்னாலும் வராது என்கிறார். கால் வராதுதான். உக்கிரபாண்டி வெளியே வருவானே.

நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். பார்த்ததையும் சொல்வேன், நோட்டில் எழுதியிருந்ததையும் காட்டுவேன். நீ கேட்ட பட்டியலில் மாயன் பெயரை நான் எழுதவில்லை. உன் மேலதிகாரிகள் கேட்டாலும் அவனை எடுக்காதே. கொம்பையாவுக்கு மட்டை பிடிக்காத வேலை ஏதாவது இருந்தால், தாமதிக்காமல் அவனுக்கு எழுது.

மாயனுக்குப் பத்து வயதானபோது நீ வாங்கிக்கொடுத்த சின்ன மட்டை பரணில் இருக்கிறது. இப்போதைய மட்டையை நாளை என்னோடு எடுத்துக்கொண்டு போகிறேன்.

நாளைக்குப் பிறகு அவன் என்னோடு பேசமாட்டான். தாய்மாமன் உன்னோடு பேசுவான். கடிதம் கிடைத்ததும் லீவு போட்டுவிட்டு வா. அவனிடம் நியாயம் எதுவும் சொல்ல வேண்டாம். அதை நான் சொல்லியாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டானா என்று மட்டும் கேள். என்னிடமிருந்து வந்த கேள்வி என்று சொல்லாதே.

நீயும் உன் பிள்ளைகளும் ஒரு காயமும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உன் அக்கா,
ரெங்கநாயகி