நூற்றுக்குக் கீழே ஓர் எண்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினொரு நாள்.

அன்புள்ள நீலோ,

இங்கே நான் நலம், இடது முழங்கால் நீங்கலாக. நீயும் மரிசேலாவும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். நூற்றுப் பதினைந்து டிகிரி வெயிலில் பிறர் வீட்டுக் கூரைமேல் ஏறி ஏசி பழுதுபார்க்கிறவனிடம் நலமா என்று விசாரிப்பது அவ்வளவு நாகரிகமாக இராது. மிச்சிகன் மாறவில்லை. ஜூன் இரண்டாம் வாரம் வரை ஏரிக் காற்றுக்குக் கம்பளிச் சட்டை தேவைப்பட்டது, மூன்றாம் வாரம் கொசு வந்தது, இரண்டுக்கும் நடுவே இருந்த நான்கு நாட்களைத்தான் இவ்வூரில் வசந்தம் என்கிறார்கள். உன் அக்கா கரின் குளிர்காலம் முழுதும் பனி தள்ளும் வண்டி ஓட்டித் தான் பெயர்த்த சாலைகளையே இப்போது தார் ஊற்றி அடைத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டுக்கும் அவளுக்குச் சம்பளம் உண்டு. நம் சவ்னாவின், அந்த வெந்நீராவிக் குளியலறையின், கூரை மார்ச் மாதப் பனியில் இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய வந்தவன் உன் பள்ளித் தோழன்தான், உன்னைப் பற்றிக் கேட்டான், பாலைவனத்தில் இருக்கிறாய் என்றேன், அங்கேயும் சவ்னா உண்டா என்றான், வெளியே கதவைத் திறந்தால் போதும் என்றேன்.

உன் கடிதம் வந்து பதின்மூன்று நாளாகிறது. தாமதத்துக்குக் காரணம் அஞ்சல் துறை அன்று. நாற்பத்திரண்டு வயதில் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு ஆண்டு அங்கே முடித்து, அப்புறம் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறி இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்ட கையோடு, கல்லூரி ஆலோசகர் பழைய மதிப்பெண் பட்டியலையும் இருபத்தாறாம் தேதிக்குள் கொண்டுவரச் சொன்னதாகவும், "அது செத்துப்போன தாள்தானே அம்மா, அதக் கொண்டுபோய் நீட்டி இன்னொரு தடவ அசிங்கப்படணுமா, பேசாம எல்லாத்தையும் மொதல்லேருந்தே படிச்சிடறேன்" என்றும் எழுதியிருக்கிறாய். முதலிலிருந்து படிக்கிறேன் என்று எழுதுகிறவன் படிக்கமாட்டான். ஒரே பாடத்தை இரண்டாம் முறை உட்கார்ந்து கேட்கும் பொறுமை உனக்கு ஐந்து வயதிலேயே இல்லை, நவம்பர் மாதத்துக்குள் ஏதாவது ஒரு கூரை உன்னைக் கூப்பிடும், நீ போய்விடுவாய். இது என் கருத்து மட்டுமன்று. உன் கடிதத்தோடு மரிசேலா தனியே ஒரு சீட்டு வைத்திருந்தாள்: "அத்தை, நான் இதே கல்லூரியில ஆரம்பிச்சுத்தான் பல்கலைக்கழகம் போய் நர்ஸ் ஆனேன், எனக்கு ஒண்ணும் கொம்பு மொளைக்கல. இவரு எப்பவோ வாங்குன ஒரு அடிக்கு இருபது வருஷமா ஒத்தடம் குடுத்துக்கிட்டிருக்காரு, நீங்க எழுதினாத்தான் கேப்பாரு." சீட்டின் அடியில், நீ எதில் கையெழுத்திடுகிறாய் என்று படிக்காமலே கையெழுத்திட்ட, உன் பழைய மதிப்பெண் பட்டியலை நான் வாங்குவதற்கான அனுமதித் தாள் ஒன்றும் இருந்தது. உன் மனைவியை நான் போதுமான அளவுக்கு மதித்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அடியைப் பற்றி நாம் பேசியதே இல்லை. 2002-ஆம் ஆண்டு மே மாதம் அது. நம் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்துவிட்டு, நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாய். அங்கிருந்து வருகிறவர்களின் எந்தப் பாடம் செல்லும், எது செல்லாது என்று தீர்மானிக்கும் அறையில்தான் முப்பத்தோரு ஆண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் செல்லுபடியானால் நேரே மூன்றாம் ஆண்டுப் பொறியியல். ஒன்று குறைந்தாலும் இரண்டாம் ஆண்டில் நுழைந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். உனக்கு ஒன்று குறைந்தது. பேச்சுக்கலைப் பாடம், எண் 98. நூற்றுக்குக் கீழே எண் உள்ள பாடம் பள்ளிக்கூடப் பாக்கியை நிரப்பிக்கொள்கிற பாடம், அதற்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்பில்லை என்பது விதி. கடிதத்தை அடுப்படி மேசையில் வைத்துப் படித்தாய், "சரி" என்றாய், பாதி தின்ற இறைச்சிப் பாஸ்டியை முழுதும் தின்றாய், ஆகஸ்டில் அரிசோனாவுக்குப் போய்விட்டாய். கடிதத்தில் பெயர் இல்லை, மதிப்பீட்டாளர் எண் 2 என்று ஒரு முத்திரை மட்டும் இருந்தது. அறையில் நாங்கள் இரண்டே பேர். நம் குடும்பப் பெயரின் முதலெழுத்து என் மேசைக்கு வராது, எதிர்மேசைக் கிளாரிஸுக்குப் போகும் என்று உனக்கு நான்தான் சொல்லியிருந்தேன். எனவே கிளாரிஸ் என்று நீயே முடிவுசெய்துகொண்டாய். உன் அப்பா சாகிறவரை அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை, கடையில் அவளைப் பார்த்தால் பால் வாங்காமலே திரும்பி வருவார். உன் பழைய வேனுக்குக் கிளாரிஸ் என்று பெயரிட்டு, பின்கதவில் பெயிண்டால் எழுதியும் வைத்து, காலையில் அது கிளம்பாதபோது பெயரைச் சொல்லி உதைக்கிறாய் என்று மரிசேலா முன்பொரு தரம் எழுதியிருந்தாள். அந்தக் கிளாரிஸ் இந்த மார்ச்சில் இறந்துபோனாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும் கொடுத்தார்கள், நான் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு போயிருந்தேன். அவள் அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை உங்களப் பத்தி எப்பவும் நல்லதாத்தான் சொல்லுவாங்க" என்றாள். ரொட்டி சற்று உலர்ந்திருந்தது.

சென்ற புதன்கிழமை கரினை வண்டி எடுக்கச் சொல்லி நீ படித்த நம் ஊர்ச் சமுதாயக் கல்லூரிக்குப் போனேன். வழிநெடுக நான் இல்லாத பிரேக்கை மிதித்தேனாம், "அம்மா, இது என் வண்டி, உன் காலு அங்க என்ன பண்ணுது" என்று அவள் இருமுறை கேட்டாள். பதிவாளர் அறைச் சாளரத்தில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், மூக்கில் வளையம். "பேரனுக்கா பாட்டி?" என்றாள். மகனுக்கு, வயது நாற்பத்திரண்டு என்றேன். "ஓ, எங்க அம்மாவும் இப்பத்தான் இங்க சேந்திருக்காங்க, கணக்குல என்னைவிட மோசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இப்போதெல்லாம் மதிப்பெண் பட்டியல் கணினி வழியே போகிறதாம். உன் காலத்தவை இன்னும் பெட்டியில் தாளாகவே கிடக்கின்றன. தேடியெடுக்க நாற்பது நிமிடமாயிற்று. அதற்குள் பழைய பாடத்திட்ட நூல்களையும் கேட்டு வாங்கி, 2001-இன் பிரதியையும் 2002-இன் பிரதியையும் அருகருகே வைத்துக் காட்டினேன். முதலதில் பேச்சுக்கலை 98, அடுத்ததில் பேச்சுக்கலை 101. ஆசிரியர் அவரே, பாடநூல் அதே, மேடையேறிப் பேச வேண்டிய ஐந்து பேச்சுகளும் அவையே. எண் போட்டவர்கள் முதலில் தவறாகப் போட்டுவிட்டு மறு ஆண்டு திருத்திக்கொண்டார்கள். இதை உறுதிசெய்து ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அவர்களுடைய பதிவாளர் வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "இத அப்பவே ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே அம்மா, ஏன் யாரும் கேக்கல?" என்றார். நல்ல கேள்வி. கடிதத்தைத் தட்டச்சு செய்து முத்திரையிட்டுக் கொடுத்தார்.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: தாள் சாகவில்லை. இரண்டு ஆண்டுப் பாடமும் குறையில்லாமல் நிற்கிறது. கணக்கை மட்டும் மறுபடி எடு. அது செல்லாது என்பதற்காக அன்று, நீ மறந்திருப்பாய் என்பதற்காக. ஆலோசகர் எத்தனை இனிமையாகப் பேசினாலும் அவர் சொன்னதை எழுத்தில் வாங்கு, இனிமை பதிவேட்டில் ஏறாது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று அச்சிட்ட பட்டியல் ஒன்று உண்டு, அதை முதல் நாளே வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டு. எந்தப் பாடத்திலும் சேருமுன் பெயரைப் பார்க்காதே, எண்ணைப் பார். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதே, வீரம் காட்ட அங்கே யாரும் கூரை வைத்திருக்கவில்லை. முன் வரிசையில் உட்கார், உன் கண்ணாடியை நீ மாற்றி ஆறு ஆண்டாகிறது. பக்கத்து இருக்கையில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு அறிவுரை சொல்லாதே. பக்கத்து வீட்டு எல்மர் ஹாக்கலா வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன வெர்னா, பையன் பதிமூணாங் கிளாஸ் சேரப்போறானாமே, மத்தியானத்துக்குச் சாப்பாடு கட்டி அனுப்புவியா?" என்றார். சமுதாயக் கல்லூரிக்கு இவ்வூரில் இன்னும் அந்தப் பெயர்தான். "அவன் பதிமூணாவது எல்மர், நீங்க எட்டாவதோட நின்னுட்டீங்க" என்றேன். மறுநாள் ஒரு மீன் கொண்டுவந்து கொடுத்தார், சுத்தம் செய்யாமல்.

இதனுடன் இரண்டு உறைகள் வைத்திருக்கிறேன். பழுப்பு உறையில் பதிவாளரின் கடிதம் இருக்கிறது, பிரித்துப் படிக்கலாம், பிரதி எடுத்துக்கொள். வெள்ளை உறையில் மதிப்பெண் பட்டியல். வாயில் முத்திரை குத்தி ஒட்டியிருக்கிறது. அதைப் பிரிக்காதே. பிரித்த கணமே அது சான்றாக இல்லாமல் வெறும் காகிதமாகிவிடும். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் பசை தடவி ஒட்டிக்கொண்டு வருகிறவர்களை ஆண்டுக்கு ஐம்பது பேராவது பார்த்திருக்கிறேன், அவர்களில் பாதிப்பேர் தாய்மார்கள். அப்படியே கொண்டுபோய் ஆலோசகர் கையில் கொடு, இருபத்தாறு வெள்ளிக்கிழமை, இருபத்துநான்காம் தேதியே போய்விடு. உனக்கும் மரிசேலாவுக்கும் என் ஆசிகள். ஆரோக்கியமும் நிறைய நிழலும் அமையட்டும், தொடங்கியது இம்முறை முடியட்டும்.

ஆசிகளோடு முடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதிவாளரின் கேள்வி மீதமிருக்கிறது. ஏன் யாரும் தொலைபேசியில் கேட்கவில்லை? கேட்டேன், நீலோ. அந்த வசந்தத்தில் 98 என்ற எண்ணோடு பதினொரு பிள்ளைகளின் தாள்கள் என் மேசைக்கு வந்தன. முதலாவது வந்தபோதே அந்தக் கல்லூரிக்குத் தொலைபேசி செய்து, அச்சுப் பிழை என்று தெரிந்துகொண்டு, பதினொன்றிலும் ஏற்கலாம் என்று எழுதினேன். பன்னிரண்டாவது தாள் உன்னுடையது. கிளாரிஸ் இடுப்பு அறுவைக்காக விடுப்பில் இருந்ததால் அவளுடைய எழுத்துகளும் என்னிடம் வந்திருந்தன. உறவினரின் தாளானால் தொடாமல் வைத்துவிட வேண்டும், ஒன்பது நாளில் அவள் வந்திருப்பாள். நான் வைக்கவில்லை. வெர்னா தன் மகனுக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, எனக்குத் தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டு, அச்சில் இருந்த எண்ணை மட்டும் பார்த்து, ஏற்கப்படவில்லை என்று எழுதி என் முத்திரையைக் குத்தினேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். கிளாரிஸ் திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இத நான் வர்ற வரைக்கும் வெச்சிருந்திருக்கலாமே வெர்னா" என்றாள். அதன் பிறகு சாகும்வரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, உன் அப்பா பால் வாங்காமல் திரும்பிய நாட்களிலும்கூட. வேனின் பெயரை மாற்றிவிடு. என் பெயர் ஓர் எழுத்து குறைவு, பெயிண்ட் மிச்சமாகும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெர்னா லாஹ்டெலா
மதிப்பீட்டாளர் எண் 2