நான் கேட்காத லப்டொப்

8.7.2005, வெள்ளி
சோளகக் காற்று. யன்னல் எல்லாம் பூட்டியும் மேசையில் உப்புப் பிசுபிசுப்பு. கொம்பியூட்டர் இன்றும் எழும்பவில்லை. பெட்டியைக் கழற்றினேன், உள்ளே துரு. மூன்றாம் முறை. போதும். இனி லப்டொப். கரண்ட் நின்றாலும் ஓடும், மூடி அலுமாரிக்குள் வைக்கலாம்.

அயல்வீட்டு றோசம்மாவின் கடிதம் பாதியில். ஆமி முகாமின் முள்கம்பிக்குள் போன அவளுடைய வளவைத் திருப்பிக் கேட்டு. காணிக் கந்தோர் ஆட்கள் மனு வாங்க வருவது வருகிற புதன் மட்டும். போன முறை கையால் எழுதிக் கொடுத்தோம். வாசிக்காமலே தள்ளி வைத்தார்கள்.

9.7, சனி
பட்டினம். கடைக்காரப் பொடியன்: "ஆருக்கு ஐயா? பேரப்பிள்ளைக்கோ?"

"எனக்கு."

"கேம் விளையாடவோ?" சிரிப்பு வேறு.

மேசையில் இருந்ததில் தமிழில் நாலு வரி அடித்தேன், விசைகளைப் பார்க்காமல். சிரிப்பு நின்றது. "எங்கை ஐயா படிச்சனீங்கள்?" எங்கேயும் இல்லை. அறுபது வயதில், கரண்ட் இல்லாத நாட்களில், அட்டையில் கட்டம் கீறி விரலைப் பழக்கினேன்.

பார்த்தவை மூன்று. ஒன்று வெறும் பளபளப்பு. ஒன்றில் விசைகள் கடுகளவு. மூன்றாவது கறுப்பு, தடிப்பு, வடிவில்லை, பற்றரி நல்லது. அதுதான். திங்கள் எடுப்பதாகச் சொன்னேன்.

10.7, ஞாயிறு
பூசை முடிந்து வர வீட்டில் ஒரு பொதி. பாரிசில் இருந்து லீவில் வந்த சிநேகிதனிடம் மகன் சுதன் கொடுத்துவிட்ட லப்டொப். என் மனிசிக்கு ஒரு மாதமாகத் தெரியுமாம்.

"சொன்னால் குதிப்பியள் எண்டுதான் சொல்லேல்லை."

"இப்ப குதிக்காமல் இருக்கிறன் எண்டு நினைக்கிறீரோ?"

திறந்தேன். விசைகள் பிரெஞ்சு. திரை முழுக்கப் பிரெஞ்சு. விரல் வைத்த இடத்தில் வேறு எழுத்து.

போனில் சுதன்: "இஞ்சை எல்லாரும் உதிலைதான் அப்பா அடிக்கினம். பழகிடும்."

நான் பழக வேண்டுமாம். ஒரு வார்த்தை கேட்டானா? கூரை ஓடு, தண்ணீர் மோட்டர், என் மூக்குக்கண்ணாடிச் சட்டம் வரை அவனுடைய தெரிவு. மூக்கு மட்டும் என்னுடையது.

11.7, திங்கள்
பட்டினத்தில் இரண்டு நாள் ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை. வாசல் படலையில் றோசம்மா: "அண்ணை, நாளையிண்டைக்கு அவை வந்திடுவினம்."

அவளுக்காக அந்தச் சனியனைத் திறந்தேன். பிரெஞ்சு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் எந்தப் படத்தை அமத்தினால் என்ன திறக்கும், மேலிருந்து எத்தனையாம் வரியில் என்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். எண்ணி எண்ணி அமத்தினேன். மூன்று மணித்தியாலம். எழுத்துகள் பழைய இடத்துக்கு வந்தன. விசையின் மேல் எதை அச்சடித்திருந்தால் எனக்கென்ன, நான் பார்ப்பதில்லை. பழைய கொம்பியூட்டருக்கு வாங்கிய தமிழ் எழுத்து சீடியும் ஏறியது. பின்னேரம் கடிதம் முடிந்து பழைய பிரிண்டரில் வந்தது.

13.7, புதன்
றோசம்மா நேரே இங்கேதான் வந்தாள். "வாசிச்சவை அண்ணை. இரண்டாம் பக்கம் திருப்பியும் வாசிச்சவை." பதில் ஒரு மாதத்தில் என்றார்களாம். பார்ப்போம்.

மதியம் மீன்குழம்பில் உப்புக் கூட. சொன்னேன்.

ஐந்து மணிக்குச் சுதன். "எப்பிடியப்பா, வேலை செய்யுதோ?"

"இல்லை."

மனிசி குசினி வாசலில் நின்று கேட்டுவிட்டாள். "பெத்த பிள்ளையிட்டை ஏன் உப்பிடிப் பொய்?"

ஓம் என்று சொன்னால் அடுத்ததையும் அவனே தெரிவுசெய்வான். நாளை முதல் பஸ்ஸில் பட்டினம், அந்தக் கறுப்பு லப்டொப்புக்கு.